இருபத்தேழு அடி வீடு

ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பாருங்கம்மா, பிடித்திருந்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டு, படகை விற்கிற மத்தியாஸ் தன்னுடைய சிறு தோணியில் துடுப்புப் போட்டுக்கொண்டு காபி குடிக்கக் கரைக்குப் போய்விட்டார். முகத்துவாரத்தில் மிதவையோடு கட்டிக் கிடந்த அந்தப் பழைய பாய்மரப் படகின் கேபினுக்குள் பூங்கோதை குனிந்து இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸில் வைத்துக்கொள்வதுபோலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரமாம். புருஷனைப் பிரிந்த இந்தப் பதினோரு வருஷத்தில் ஏழு வாடகை வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறாள், எந்த மகராசனாவது அவளை ஐந்து நிமிஷம் தனியாக நின்று ஒரு வீட்டைப் பார்க்க விட்டானா? பின்னாலேயே வருவான். இது ஹாலு, இது கிச்சன், தண்ணி காலையில ஆறு மணிக்கு இருவது நிமிஷம், சார் எங்க வேலை பாக்கறாரு? சார் இல்லைங்க. ஓ. அந்த ‘ஓ’ இருக்கிறதே, எல்லா ஹவுஸ் ஓனரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த மாதிரி ஒரே சுருதியில்தான் அதைப் போடுவார்கள், போட்டுவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்ப்பார்கள், ஃபேமிலிக்குத்தான் குடுக்கறதா இருக்கோம் என்பார்கள். அப்போ நான் என்ன, சர்க்கஸ் கம்பெனியா? கேட்டதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. சரிங்க, நம்பர் வச்சுக்குங்க என்று பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் ஹவுஸ் ஓனர்கள்மேல் வருவதைவிடத் தன்மேல்தான் கோபம் வந்தது. நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு அறுபது பேருடைய எலும்பைப் படம் பிடிக்கிறவள், மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க என்று அவள் சொன்னால் கலெக்டரானாலும் மூச்சை நிறுத்தித்தான் ஆகவேண்டும், அப்படிப்பட்டவள் இரண்டு ரூம் வீட்டுக்காக எவன் எவனிடமோ இளித்துக்கொண்டு நின்றாள். இப்போது இருக்கிற வீட்டுக்காரர் நாகலிங்கத்தைச் சொல்லவேண்டும். காலையில் பேப்பர் எடுக்க வருகிற சாக்கில் அவள் வாசலில் எத்தனை ஜோடி செருப்புக் கிடக்கிறது என்று எண்ணுவார். கேளுங்கள் கூத்தை, ஆம்பளை இல்லாத வீடு என்று தெருவுக்குத் தெரியவேண்டாம் என்று அவளே கடைக்குப் போய் ஒன்பதாம் நம்பர் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, இரண்டு நாள் தானே போட்டுத் தேய்த்து, வாசலில் விட்டு வைத்தாள், மூன்றாம் நாளே நாகலிங்கம் கதவைத் தட்டி, ராத்திரி யாரோ தங்கின மாதிரி இருக்கே என்றார். எடுத்து அவர் மண்டையிலேயே ஒன்று வைத்திருக்கலாம். வெளியூரிலிருந்து தம்பி வந்தான் என்று பொய் சொன்னாள். போன மாசம் டெங்குவில் படுத்திருந்தபோது கூட வேலை பார்க்கிற ஞானசம்பந்தம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து போனார், அவ்வளவுதான், மறுநாளே வந்துவிட்டது, எங்க பொண்ணு குடும்பத்தோட வரப்போறா, அடுத்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கம்மா என்று. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். இந்த மாசம் மட்டும் பதினான்கு வீடு பார்த்தாயிற்று. பதினான்கு ‘ஓ’.

அடுப்பின்மேல் ஒரு தட்டு அளவுக்குக் கிடந்த வெயில் நகர்ந்து எதிர்ப் பெஞ்சுக்கு வந்துவிட்டதைப் பார்த்தாள். வெயில் நகரவில்லை, படகுதான் திரும்புகிறது, கடலிலிருந்து தண்ணீர் ஆற்றுக்குள் ஏற ஆரம்பித்துவிட்டது, இனி படகு கடலைப் பார்த்து நிற்கும். இது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே கோபமும் வந்தது, ஞாபகம் இருக்கிறதை வைத்து என்ன கிழித்தாய்? காலேஜில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு. பதினெட்டுப் பெண்கள், மூன்று படகு, பாய் விரித்துக்கொண்டு காரைக்கால்வரை போனார்கள், நாலு நாள், உப்பில் தலைமுடி தென்னந்துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது, சுக்கான் கட்டை அவள் கையில் இருந்தபோது கடல் அதை உள்ளிருந்து இழுத்தது, நாய்க்குட்டி கயிற்றை இழுக்குமே அப்படி, இவள் இழுத்துப் பிடிக்க, அது விட, அது இழுக்க, இவள் விட. அதற்குப் பிறகு அவள் கையில் யாரும் எதையும் அப்படிக் கொடுத்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில், அப்போது எடுத்த போட்டோவைப் புருஷனிடம் காட்டியபோது, அரை டவுசர்ல நிக்கற, இதப் போய் வெளிய காட்டிட்டிருக்காத என்றான். சரி, அவனை விடு. அவனைத் தலைமுழுகிப் பதினோரு வருஷமாயிற்று, அவன் எதற்கு இப்போது இந்தப் படகுக்குள் ஏறுகிறான், இறங்கச் சொல். மத்தியாஸை நினை. மத்தியாஸ் பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை ஊரில் சொல்தா வீட்டுக்காரர் என்பார்கள், முழங்கால் படம் எடுக்க வந்தவர் மேஜையில் படுத்துக்கொண்டு, இந்தக் காலை வச்சுக்கிட்டு இனிமே படகுல ஏற முடியாதும்மா, வித்துட வேண்டியதுதான் என்று சும்மா சொன்னார். எக்ஸ்ரே ரூமில் எல்லோரும் எதையாவது சும்மா சொல்வார்கள். அவள் ஒரு நிமிஷம் கம்ப்யூட்டரில் அவருடைய தேய்ந்த எலும்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எவ்வளவு நீளம் என்று கேட்டாள். இருபத்தேழு அடி. உள்ளே படுக்கலாமா? படுக்கலாம், சமைக்கலாம், மூணு மாசம் நான் இருந்திருக்கேன். எவ்வளவு? ஆறு லட்சம். அன்றைக்கு அடுத்த பேஷண்டுக்கு இடது கைக்குப் பதில் வலது கையைப் படம் எடுத்துவிட்டாள்.

ஆறு லட்சத்துக்கு இந்த ஊரில் கார் நிறுத்துகிற இடம்கூடக் கிடைக்காது. பி.எஃப். பணமும் தாலிச் சங்கிலியை விற்றதும் சேர்ந்து அவளிடம் இருந்தது ஐந்தரை. தாலிச் சங்கிலி படகாகப் போகிறது என்று நினைத்தால் மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தம்பியிடம் போனில் சொன்னபோது, அக்கா, ஜனங்க வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணத்தைப் பண்ணிப் பாருன்னுதான் போவாங்க, நீ ஏன் தண்ணிக்குள்ள போற என்றான். அவன் வீட்டில் வந்து இருந்துவிடு என்று மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போகமாட்டாள், ஆனாலும் சொல்லவில்லையே. கரையில் என்ன இருக்கிறது? ஹவுஸ் ஓனர் இருக்கிறான், ஹவுஸ் ஓனர் பெண்டாட்டி இருக்கிறாள், மாடிப்படி இருக்கிறது, படியில் ஏறும்போது மணி என்ன என்று பார்க்கிற கண் இருக்கிறது. இங்கே தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் என்ன கேட்கும்? மார்கழிப் புயல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும். நைட் டியூட்டி முடிந்து இந்தத் தோணியில் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வருவாயா என்று கேட்கும், கக்கூஸ் பீரோ அளவுக்கு இருக்கிறதே, அறுபது வயதில் அதற்குள் எப்படித் திரும்புவாய் என்று கேட்கும். கேட்கட்டும். அதெல்லாம் நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்வதில் அவளுக்கு என்றைக்கும் வருத்தம் இல்லை. எழுந்து தலையை இடித்துக்கொண்டாள். சனியன். உட்கார்ந்து, தேய்த்துவிட்டுக்கொண்டு, மறுபடியும் எழுந்தாள்.

வந்த வேலையைப் பார்க்கலாம் என்று பையிலிருந்த சின்னச் சுத்தியலை எடுத்தாள். பழைய ஃபைபர் படகைத் தட்டித்தான் பார்க்கவேண்டும், கெட்டியான இடம் டங்கென்று சொல்லும், உள்ளே தண்ணீர் குடித்த இடம் தொப்பென்று சொல்லும் என்று பத்து நாளாக போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். பெஞ்சு மூடிகளைத் தூக்கி, முழங்காலில் நின்று, இரண்டு பக்கமும் ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங். நல்ல உடம்புதான். தரைப்பலகையைத் தூக்கினாள், அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது, விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. இன்னொரு தரம் வைத்தாள். இல்லை, மழைத்தண்ணீர்தான். கடல் உள்ளே வரவில்லை, வானம்தான் கொஞ்சம் வந்திருக்கிறது, அது போகட்டும், ஓட்டு வீட்டில் ஒழுகாதா என்ன? எச்சிலைத் துப்பிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாங்கிவிடலாம். வாங்கிவிடலாம் என்று நினைத்த அந்த நிமிஷமே அரிசி டின் எங்கே, அயர்ன் பாக்ஸ் எங்கே, யூனிஃபார்ம் எங்கே தொங்கும் என்று கண் தானாக ஓட ஆரம்பித்தது, ஓடிப்போய் எதிரே நின்ற அந்த வெள்ளைப் பலகையில் முட்டி நின்றது. கேபினை இரண்டாகப் பிரிக்கிற குறுக்குப் பலகை அது, புது வெள்ளை, பளபளவென்று, நடுவில் ஒரு சட்டம் மாட்டுகிற அளவுக்கு இடம். அப்பா அங்கே. அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, அவருடைய போட்டோ பதினோரு வருஷமாகப் பெட்டியில் புடவைக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது, ஏன் தெரியுமா, ஆணி அடிக்கக் கூடாது. ஏழு அக்ரிமெண்டிலும் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் அட்வான்ஸில் பிடித்தம் செய்யப்படும். மூன்றாவது வீட்டில் துணிந்து பசை கொக்கி வாங்கி ஒட்டினாள், ராத்திரி அப்பா தொப்பென்று விழுந்து கண்ணாடி உடைந்தது, கீழ்வீட்டிலிருந்து சத்தம் என்னவென்று கேட்டு ஆள் வந்தது. செத்த மனுஷனை மாட்டிவைக்க ஒரு இன்ச் சுவர் கொடுக்காத ஊர். அவளுக்குக் காது சூடேறியது. மத்தியாஸின் கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது, திறந்து துழாவினாள், திருகாணிகளுக்கு நடுவே இரண்டு இன்ச் ஆணி ஒன்று கிடைத்தது. இன்னும் விலை பேசவில்லை, இன்னும் ஒரு பைசா கொடுக்கவில்லை, அடுத்தவர் படகு, ஆணியில் மாட்ட போட்டோகூடக் கையில் இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆணியைப் பலகைமேல் வைத்து, நாகலிங்கத்தின் செருப்பை எண்ணும் கண்ணை நினைத்து, ஓங்கி ஒன்று போட்டாள்.

ஆணி போய்விட்டது. பாதி அல்ல, முழுசாக, தலைவரைக்கும், ஒரே அடியில், கேக்குக்குள் கத்தி போவதுபோல. சத்தமே வரவில்லை. அவள் ஓங்கிய வேகத்தில் சுத்தியலும் பலகையில் ஒரு குழி பறித்துவிட்டு நின்றது. கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்து அழுத்தினாள், பெயிண்ட் தோல் மாதிரி உள்ளே அமுங்கி, பிளந்து, காப்பிப்பொடி நிறத்தில் ஈரமான தூள் உதிர்ந்தது, மழையில் நனைந்த கோணிச் சாக்கு நாற்றம் அடித்தது. இன்னும் மேலே அழுத்தினாள், அங்கேயும். இன்னும் மேலே, பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி இந்தப் பலகையில்தான் போல்ட் போட்டு மாட்டியிருந்தன, அந்தத் துளை வழியாகத்தான் மழை இறங்கியிருக்கிறது, வருஷக்கணக்காக இறங்கியிருக்கிறது, அந்த உப்பில்லாத தண்ணீரைத்தான் அவள் நாக்கில் வைத்துப் பார்த்து மகிழ்ந்துபோனாள். முட்டாள். கூமுட்டை. புதுசாக வெள்ளையடித்த வீடு என்றாலே சுவரில் ஈரம் பூத்திருக்கிறது என்று அர்த்தம், ஏழு வீட்டில் பார்த்தவளுக்கு இது தெரியாதா, குடி வந்த மூன்றாம் மாசம் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வருமே, கட்டில் ஓரத்தில் செதில் செதிலாக விழுமே, போய்ச் சொன்னால் நீங்க துணி காயப்போட்டிருப்பீங்க என்பார்களே. வீடு முழுக்கத் தட்டினாளாம், வெள்ளையை மட்டும் தட்டவில்லையாம். அந்த மனுஷனும் அப்படித்தானா? முழங்காலைக் காட்டிக்கொண்டு, அம்மா அம்மா என்று நயமாகப் பேசிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து பாருங்க என்று பெருந்தன்மையாகத் தோணியில் ஏறிப் போனது, அவருக்கு இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாததால்தானா? போய்விடலாம். அவர் வந்ததும் வாய்க்கு வந்தபடி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடலாம். எங்கே போவது? ஒன்பது நாள். பதினைந்தாவது ‘ஓ’வுக்குப் போவதா? பலகை இற்றுப்போனால் கம்பி தளரும், கம்பி தளர்ந்தால் காற்றில் பாய்மரம் முறிந்து விழும், கட்டிக் கிடக்கிறவரை விழாது, ஆனால் கட்டிக் கிடப்பதற்கா பாய்மரப் படகு வாங்குகிறாய்? கோபமாக இருக்கும்போதுதான் அவளுக்குக் கணக்காக யோசிக்க வரும், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். இற்றது ஒரு பலகைதான். அதை அறுத்து எடுத்துவிட்டுப் புது மரைன் பிளைவுட் வைத்து, ஓரமெல்லாம் ஃபைபர் துணியைப் பசையில் தோய்த்துத் தோய்த்துச் சுற்றவேண்டும், மாவுக்கட்டு போடுவதுபோலத்தான், மாவுக்கட்டு போடுகிறதை இருபது வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், நாலு ஈரத்துணி, நாலு சுற்று, காயவிடு. இருபது நாள் வேலை. இற்றுப்போகாமல் இருந்தால் இந்தப் படகு பதினைந்து லட்சம், அப்போது இவள் இதற்குள் கால்வைக்கவே முடிந்திருக்காது. இற்றதனால்தான் எனக்கு. இந்த நினைப்பு வந்தவுடன் முன்னைவிட அதிகமாக எரிந்தது, ஏன் எனக்கு எப்போதும் இற்றதே வரவேண்டும் என்று, ஆனால் அந்த எரிச்சலோடு எரிச்சலாகப் பலகையின் நீள அகலத்தையும் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

தோணி வந்து படகில் முட்டியது. மத்தியாஸ் ஒரு காலைத் தூக்கிவைத்து, வலியில் உஸ்ஸென்று மூச்சு விட்டு, மேலே ஏறிக் கேபின் வாசலில் குனிந்து பார்த்தார். அவள் நகர்ந்து, பலகை அவருக்கு நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தாள். அவர் ஆணியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தரையில் உதிர்ந்த தூளைப் பார்த்தார்.

“ஆணி அடிச்சீங்களா?” என்றார். “இன்னும் என் படகுதானேம்மா இது.”

“தெரிஞ்சேதான் பெயிண்ட் அடிச்சீங்களா, சார்?”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போன வருஷ மழையில்தான் கண்டுபிடித்தாராம். அதைப் பிரித்துச் செய்ய இந்தக் காலோடு முடியவில்லையாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் எஞ்சினைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் பலகைப் பக்கம் திரும்பவில்லையாம். சொல்லியிருக்க வேண்டும்தான் என்றார், கடைசியில், சுரத்தில்லாத குரலில். அவளுக்கு இரக்கம் வரப் பார்த்தது, வராதே என்று அதைப் பிடித்துத் தள்ளினாள். நாலு லட்சம் என்றாள், இந்தத் தோணியும் துடுப்பும் சேர்த்து, இன்றைக்கே போனில் ஒரு லட்சம், மீதி நாளைக் காலை வக்கீல் ஆபீஸில். அவர் நாலரை என்றார். அவள் பலகையில் இன்னொரு விரலை அமுக்கினாள். சரி என்றார். பணம் போனது, அவர் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது, அவர் பாக்கெட்டிலிருந்து இரண்டு சாவியை எடுத்து, ஒன்றை மட்டும் அவளிடம் நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார். “தனியா இருக்கப்போறீங்க. ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கயிறெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன். அப்புறம், இருட்டினப்புறம் விசிட்டருங்க யாரும் வேணாம். இந்த முகத்துவாரத்துல நாப்பது வருஷமா எனக்குன்னு ஒரு பேர் இருக்கு பாருங்க.”

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. நாகலிங்கமும் நல்ல எண்ணத்தோடுதான் செருப்பை எண்ணினார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்று ஏழு பேரும் சொன்னார்கள், எல்லோருக்கும் அவள்மேல் அவ்வளவு நல்ல எண்ணம், அந்த நல்ல எண்ணம் தண்ணீருக்கு நடுவில் இருபத்தேழு அடிக்குள்ளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வருஷமாகத் தொண்டையில் நின்றது எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது. கத்தப்போகிறோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் எக்ஸ்ரே ரூமில் பேசுகிற குரல்தான் வந்தது.

“சார், நான் வாடகைக்குக் கேக்கல. வெலைக்குக் கேட்டேன்.”

கையை நீட்டியபடியே வைத்திருந்தாள். மத்தியாஸ் அந்தக் கையைப் பார்த்தார். அவருக்குச் சட்டென்று புரியவில்லை, புரிந்தபோது முகம் கறுத்தது, பிறகு இரண்டாவது சாவியையும் அவள் கையில் வைத்தார். துடுப்பை அவர் எடுக்கப் போனபோது, நான் போடறேன் என்று அவள் வாங்கிக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கை, முதலில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய், பாதி ஆற்றில் நேரானது. கரையில் அவருடைய முழங்கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள், அந்த மூட்டுக்குள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் ஈரமணலில் நின்றுகொண்டு, அப்போ நான் எப்பயாவது பாக்கணும்னா என்று இழுத்தார்.

“இங்க நின்னு ஒரு குரல் குடுங்க. நான் வாங்கன்னா வாங்க.”

தோணியைத் திருப்பினாள். மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டி, இப்போது படகுக்குத் திரும்பிப் போவதற்கு ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் போனாள். படகில் ஏறித் தோணியைக் கட்டி, கேபினுக்குள் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கோபம் கொஞ்சமும் தணியவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து பெரிய திருப்புளியை எடுத்து, இற்ற பலகையின் ஓரத்தில் நுழைத்து நெம்பினாள், ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து காலடியில் விழுந்தது, அடுத்ததற்குக் கையை ஓங்கினாள்.